நல்ல பாக்டீரியாவை வீட்டிலேயே வளர்க்க 17 குறிப்புகள்

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் பொழுது விடியும் முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடும். வீட்டில் ஒருவர் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒருவர் தோல் பதனிடும் டேனரிக்குப் போக வேண்டும். இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். வயிற்றுப்போக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டால் அந்த இரண்டு நாள் கூலியும் போய்விடும். குழந்தைக்கு வந்துவிட்டாலோ வீடே நின்றுவிடும்.

இந்த அவதியைக் குறைக்கிற ஒரு துணை நம் குடலுக்குள்ளேயே இருக்கிறது. புரோபயாடிக் என்று மருத்துவர்கள் சொல்லும் நல்ல பாக்டீரியாதான் அது. அதைப் பாட்டிலில் வாங்குவதைவிட அடுப்படியில் வளர்ப்பது எளிது. வளர்த்ததைத் தெரியாமல் நாமே அழித்துவிடாமல் இருப்பது அதைவிட முக்கியம். அதற்கான குறிப்புகள் இவை.

1. அவை என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நல்ல பாக்டீரியாக்கள் மூன்று வகையில் நம்மைக் காக்கின்றன. முதலாவது, இடம் பிடிப்பது. ஆள் நிறைந்த பஸ்ஸில் புதிதாக ஏறுபவருக்கு இடம் கிடைக்காததுபோல, குடல் சுவரில் இவை நிறைந்திருந்தால் நோய்க்கிருமிக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை. இரண்டாவது, அமிலம் சுரப்பது. லாக்டிக் அமிலமும் வேறு சில அமிலங்களும் கெட்ட கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மூன்றாவது, பயிற்சி கொடுப்பது. உடலின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றியே இருக்கிறது. எது உணவு, எது எதிரி என்று அந்த அணுக்கள் பழகிக்கொள்ள இந்த பாக்டீரியாக்கள் உதவுகின்றன. குடலின் உட்பூச்சில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் சுரக்கவும் தூண்டுகின்றன.

2. பால் சூடு ஆறிய பிறகு உறை ஊற்றுங்கள்

கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் உறை மோரில் உள்ள பாக்டீரியா செத்துப்போகும். பாலைப் பொங்கக் காய்ச்சி, சுண்டு விரலை விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் அளவுக்கு ஆறவிடுங்கள். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு தேக்கரண்டி உறை போதும். கலக்கிவிட்டு மூடி, அசைக்காமல் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்து மணி நேரத்தில் தயிர் கட்டிவிடும். மார்கழியில் இரவு முழுவதும் ஆகலாம். கட்டியானதும் ஃபிரிட்ஜிலோ தண்ணீர்த் தொட்டியின் ஓரக் குளிர்ச்சியிலோ வைத்தால் புளிப்பு ஏறாது. மண் சட்டியில் உறைய வைத்தால் அதிக நீரைச் சட்டி இழுத்துக்கொள்ளும். தயிரும் கெட்டியாக இருக்கும்.

3. உறை மோர் இல்லையென்றால் மிளகாய்க் காம்பு

வீட்டில் உறை தீர்ந்துவிட்டதா? வெதுவெதுப்பான பாலில் காய்ந்த மிளகாய்க் காம்பு ஏழெட்டைப் போட்டு மூடி வையுங்கள். காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியா பாலைப் புளிக்க வைக்கும். முதல் முறை தயிர் தளர்வாகத்தான் வரும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் நல்ல தயிர் கிடைக்கும். வழுவழுப்போ கெட்ட வாடையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

4. இட்லி சாப்பிட்டாலும் மோரை விடாதீர்கள்

இட்லி மாவு புளிப்பதற்குக் காரணம் லூகோனோஸ்டாக் போன்ற லாக்டிக் பாக்டீரியாக்கள். ஆனால் ஆவியில் வெந்ததும் அவை இறந்துவிடுகின்றன. இட்லி எளிதில் செரிக்கிறது, பி வைட்டமின் கூடுகிறது, அதெல்லாம் உண்மை. உயிருள்ள பாக்டீரியா மட்டும் அதில் இருக்காது. மோர்க்குழம்பும் கொதித்துவிட்டால் அப்படித்தான். அதனால் நாளில் ஒரு வேளையாவது சூடு படாத தயிரோ மோரோ வயிற்றுக்குள் போகட்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021ல் வெளியிட்டார்கள். பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின. உடலில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன.

5. கம்பெனிக்குக் கட்டும் தயிர் சாதம்

சோறு சூடாக இருக்கும்போது தயிரைக் கொட்டிப் பிசையாதீர்கள். சோற்றைக் குழைய வடித்து நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை முக்கால் பங்கும் தயிரைக் கால் பங்கும் விட்டுப் பிசையுங்கள். காலையில் கட்டியது மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பதமாகப் புளித்திருக்கும். தாளிப்பையும் ஆறிய பிறகே கொட்டுங்கள். உடன் கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம் நான்கு வைத்தால் நல்ல பாக்டீரியாவுக்கான தீனியும் சேர்ந்துவிடும்.

6. கூழை ஆடி மாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

வட ஆர்க்காட்டு வீடுகளில் கேழ்வரகுக் கூழ் பரம்பரை உணவு. ஆடியில் மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் அதே கூழ் ஆண்டு முழுவதும் குடிக்கத் தக்கது. கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு புளிக்க விடுங்கள். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறி இறக்குங்கள். ஆறியதும் உருண்டையாகத் தண்ணீரில் போட்டு மறுபடி இரவு வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயம் சேர்த்துக் குடியுங்கள்.

இதில் புளிப்பு இரண்டு முறை நடக்கிறது. முதல் முறை வளர்ந்த பாக்டீரியா அடுப்பில் போய்விடும். ஆனால் அதற்குள் கேழ்வரகில் உள்ள ஃபைட்டிக் அமிலத்தை அந்தப் புளிப்பு குறைத்திருக்கும். அதனால் இரும்பும் கால்சியமும் உடலில் எளிதாகச் சேரும். இரண்டாம் முறை வளர்வதும், மோரில் வருவதும் உயிரோடு குடலுக்குப் போகின்றன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது கூடுதல் லாபம்.

7. பழைய சோற்றுக்குச் சுத்தம்தான் காவல்

இரவு வடித்த சோறு ஆறியதும் நேரம் கடத்தாமல் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூழ்க ஊற்றி மூடி வையுங்கள். சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெறுமனே மணிக்கணக்கில் திறந்து வைப்பது ஆபத்து. வேகவைத்தாலும் சாகாத சில கிருமி வித்துகள் அந்த நேரத்தில் முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. முந்தைய நாள் நீராகாரத்திலோ மோரிலோ ஒரு கரண்டி விட்டால் புளிப்பு சீக்கிரம் ஏறும். புளிப்பு ஏறினால் கெட்ட கிருமி அடங்கும். காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். நூல் விட்டாலோ பூஞ்சை தெரிந்தாலோ வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு தரும் பயனை ஆராய்ந்திருக்கிறார்கள்.

8. வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

வடித்து ஆறிய சோற்றில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. இதைச் செரிமானத்தைத் தாங்கும் மாவுச்சத்து என்கிறார்கள். பெருங்குடலில் உள்ள பாக்டீரியா இதைத் தின்று பியூட்ரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. குடல் சுவரின் அணுக்களுக்கு அதுதான் எரிபொருள். உப்பையும் தண்ணீரையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் அது உதவுகிறது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவும் இதைக் காலரா நோயாளிகளிடம் சோதித்தார்கள். உப்பு சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் இந்த வகை மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தபோது, வயிற்றுப்போக்கின் அளவும் அது நீடித்த நேரமும் குறைந்தன. 2000ஆம் ஆண்டு உலகின் முன்னணி மருத்துவ இதழில் அது வெளிவந்தது. வாழைக்காயிலும், வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கிலும், ஆறிய சோற்றிலும் இந்த மாவுச்சத்து உண்டு. உடல் நன்றாக இருக்கும் நாட்களில் இவற்றைச் சாப்பிட்டுப் பழகுங்கள்.

9. வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ்.

தயிரோ புரோபயாடிக் மாத்திரையோ இரண்டாவதுதான். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் என்றால், தூள் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள், உப்பு கூடிவிடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு மருத்துவர் சொன்ன அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாளும் விடாமல் கொடுங்கள். போக்கு நின்றுவிட்டதே என்று நடுவில் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். கண் குழிவது, சிறுநீர் குறைவது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

10. பாக்டீரியாவுக்கும் தீனி போடுங்கள்

தயிரில் போகும் பாக்டீரியா குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை. சில நாளில் வெளியேறிவிடும். அதனால் தினமும் சாப்பிடுவதும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு நார்ச்சத்து கொடுப்பதும் அவசியம். சின்ன வெங்காயம், பூண்டு, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, கொள்ளு, காராமணி ஆகியவை நல்ல தீனி. நம் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீசனில் அதையும் தாராளமாகச் சமையுங்கள். பெரியவர் ஒருவர் நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதுவரை பழக்கம் இல்லாதவர்கள் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்.

11. பிரியாணி நாளில் பச்சடி குறையக் கூடாது

ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் துணை. நம் முன்னோர் சேர்த்த சேர்க்கை அருமையானது. கறியில் நார்ச்சத்து கிடையாது. கத்திரிக்காயும் பச்சை வெங்காயமும் அதைத் தருகின்றன, தயிர் பாக்டீரியாவைத் தருகிறது. பச்சடியைப் பரிமாறும் நேரத்தில் கலந்து, ஒரு கிண்ணம் முழுவதும் சாப்பிடுங்கள். கூடவே குளிர்பானம் வேண்டாம். மோர் குடியுங்கள்.

12. ஊறுகாயை நம்பாதீர்கள், உப்பை அளவாக வையுங்கள்

உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவி அடுக்குவதை இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். உப்பு ஈரத்தை இழுத்துவிடுவதால் அழுக வைக்கும் பாக்டீரியா வளர முடிவதில்லை. உணவிலும் இதே விதிதான். மாவடு, உப்பு நெல்லிக்காய் ஆகியவற்றின் உப்பு நீரில் கெட்ட கிருமிகள் அடங்கிப்போகும், உப்பைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். எண்ணெயில் வதக்கிய ஊறுகாயிலும் வினிகர் ஊற்றியதிலும் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்க முடியாது. நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்பதால், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாவடுவையும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

13. தண்ணீரை இனம் பிரித்துப் பயன்படுத்துங்கள்

மோர் கரைக்க, கூழ் கரைக்க, பழைய சோற்றுக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் காய்ச்சி ஆறிய குடிநீர்தான் வேண்டும். டேனரிக் கழிவு கலந்த கிணற்று நீரையும் போர் நீரையும் காய்ச்சினாலும் கிருமி மட்டும்தான் சாகும். உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். எந்தப் புரோபயாடிக்கும் அதைச் சரிசெய்யாது. பாலாற்று மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நாட்டில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. சுத்தமான குடிநீர் கேட்பது நம் உரிமை. தண்ணீரில் ருசியோ நிறமோ மாறினால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பரிசோதனை கேளுங்கள். டேனரியிலிருந்து வருபவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே அடுப்படிக்கும் குழந்தையிடமும் போங்கள்.

14. ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்

சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. ஆனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கூட்டத்தோடு அழித்துவிடும். அதனால்தான் பலருக்கு மாத்திரை போட்டதும் வயிற்றுப்போக்கு வருகிறது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்குவதும், பக்கத்து வீட்டில் மீந்ததைப் போட்டுக்கொள்வதும் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுவதும் சாப்பிட்டு முடியுங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மாத்திரைகளைப் பாலோடும் தயிரோடும் விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. மாத்திரைக்கும் தயிருக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

15. பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பால்தான் புரோபயாடிக்

தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள் இருக்கின்றன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. குழந்தையின் குடலில் உள்ள பைஃபிடோ பாக்டீரியாவுக்கான தீனி அவை. சீம்பாலில் எதிர்ப்புப் புரதமும் நிறைந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017ல் வெளியானது. லாக்டோபசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவை அதன் தீனியோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்ததில், ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் இறப்பும் சேர்ந்து 40 சதவீதம் குறைந்தன. பெரிய நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தது தாய்ப்பால் குடிக்கும், எடை மிகவும் குறைந்துவிடாத குழந்தைகளை. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ல் எச்சரித்தது. ஆகவே குழந்தை மருத்துவர் சொல்லாமல் எதையும் வாயில் விடாதீர்கள்.

16. தடுப்பு மருந்துக்கு மாற்று எதுவும் இல்லை

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணம் ரோட்டா வைரஸ். இந்தியாவில் உருவான ரோட்டா தடுப்பு மருந்தின் பெரும் ஆய்வு டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. மருத்துவர் ககன்தீப் காங்கும் வேலூர் சி.எம்.சி. குழுவும் இந்தப் பணியில் முன்னின்றவர்கள். நல்ல பாக்டீரியாவைச் சேர்த்துக் கொடுத்தால் ரோட்டா சொட்டு மருந்து கூடுதலாக வேலை செய்யுமா என்றும் வேலூர்க் குழந்தைகளிடம் சோதித்தார்கள். பலன் சிறிதளவே தெரிந்தது. 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள்.

17. கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள், யாருக்கு என்றும் பாருங்கள்

புரோபயாடிக் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த பாக்டீரியா, அதில் எந்த ரகம் என்று முழுப்பெயர் இருக்க வேண்டும். நாளுக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. காலாவதித் தேதியையும் சர்க்கரை அளவையும் பாருங்கள். கடையில் ஃபிரிட்ஜுக்கு வெளியே வெயிலில் கிடந்ததை வாங்காதீர்கள்.

ஒவ்வொரு ரகத்துக்கும் பலன் வேறு. கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 3,758 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் 12 வாரம் தினமும் ஒரு குறிப்பிட்ட லாக்டோபசில்லஸ் ரகம் சேர்ந்த பானம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்ததாக 2011ல் தெரிவித்தார்கள். பயன் உண்டு, அதே நேரம் அதற்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை இந்த எண் காட்டுகிறது. விளம்பரம் சொல்வதுபோல ஒரு பாட்டில் எல்லா நோயையும் விரட்டிவிடாது. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் புரோபயாடிக் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்த உடலில் நல்ல பாக்டீரியாவே ரத்தத்தில் பரவித் தொல்லை தரலாம்.

மற்ற எல்லாரும் இன்று இரவே தொடங்கலாம். ஒரு டம்ளர் பாலுக்கு உறை ஊற்றுங்கள், மீந்த சோற்றுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடுங்கள், நாளைய குழம்புக்கு ஒரு வாழைத்தண்டு வாங்கி வையுங்கள். மாதம் முழுவதும் இதைத் தொடர்ந்து செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. வீட்டில் குழந்தையும் முதியவரும் இருந்தால் அதன் அருமை இன்னும் அதிகம்.